கயிறு பிடிக்க ஓர் ஆள்

திரையில் வேற்றுக்கிரகவாசி வந்து நின்றால் நாம் அதன் கண்ணையும் வாயையும் தலையின் வடிவத்தையும் பார்க்கிறோம். உள்ளே ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வருவதில்லை. நாயகனுக்குப் பின்னால், மங்கலாக, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிறதே நாலாவதோ ஐந்தாவதோ வேற்றுக்கிரகவாசி, அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் மணப்பாட்டுக்குப் போனேன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல் குன்று மணப்பாடு. குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். அதன் அடியில், 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் கடலைப் பார்த்த குகை. மணிரத்னத்தின் ‘கடல்’ உட்படப் பல படங்களுக்கு இந்தக் கரை களமாக இருந்திருக்கிறது. படப்பிடிப்பு நடந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் ஊரில் இன்றும் ஆர்வமாகச் சொல்கிறார்கள். கூட்டத்தில் நின்றவர்கள், படம் வந்தபோது தங்கள் முகத்தைத் திரையில் தேடிப் பிடித்து வீட்டாருக்குக் காட்டியிருக்கிறார்கள். முகம் தெரியாமல் நடிப்பவருக்கு இந்தச் சின்ன மகிழ்ச்சிகூட இல்லை.

வடக்கே சில கிலோமீட்டரில் குலசேகரன்பட்டினம். இங்கே தசரா என்று சொல்லப்படும் நவராத்திரி நாட்களில் முத்தாரம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பல்லாயிரம் பேர் வேடம் கட்டும் ஊர். மேற்கிலும் தெற்கிலும் மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி எனத் தேரிக்காட்டு ஊர்கள். இங்குதான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளம் உருவாகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்கச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. இங்கிருந்து நேர் தெற்கே கடல்தான். முகமூடியும் விண்வெளியும் இத்தனை அருகருகே இருக்கிற இடம் தமிழ்நாட்டில் வேறில்லை.

நான் பார்க்க வந்தவர் உடன்குடிப் பக்கத்து ஊர்க்காரர். சென்னை சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கி ஜூனியர் ஆர்ட்டிஸ்டாக இருக்கிறார். தசராவுக்கு மட்டும் தவறாமல் ஊர் வந்துவிடுவார். சிறுவனாக இருந்தபோது குரங்கு வேடம், வளர்ந்த பின் கரடி. ஒரு படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் கூட்டத்தில் ஒருவராக நின்றவர். மணப்பாட்டில் அவருக்கு நண்பர்கள் உண்டு. ஆலயத்துக்குப் பின்னால், அலைச்சத்தம் பேச்சை விழுங்காத ஓரிடமாகப் பார்த்து உட்கார்ந்தோம்.

“மொதல்ல வாசனை அண்ணாச்சி. ரப்பர் வாசனை. மாட்டுன அஞ்சு நிமிசத்துல நம்ம மூச்சே நமக்குத் திரும்பி வரும்” என்றார்.

அவர் சொன்னதை என் நடையில் எழுதுகிறேன். லேடெக்ஸ் முகமூடி தலை முழுவதையும் மூடும். உள்ளே முதலில் ஒரு துணிக் குல்லாய். கண் இருக்கும் இடத்தில் வேற்றுக்கிரகவாசியின் பெரிய கருவிழி பளபளக்கும், ஆனால் அதன் வழியாகப் பார்க்க முடியாது. மூக்குக்குக் கீழேயோ வாயிலோ விடப்பட்ட கீறல்தான் உண்மையான ஜன்னல். அதன் வழியே தரையில் ஓர் எட்டு தூரம் தெரியும். காதும் பாதி அடைத்துவிடும். ‘ஆக்‌ஷன்’ என்ற குரல் கேட்காது, பக்கத்தில் இருப்பவர் தோளில் தட்ட வேண்டும். வியர்வை வழிந்து தாடைப் பகுதியில் குளமாய்த் தேங்கும். கழற்றி மாட்ட நேரமாகும் என்பதால் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் இடையில் பெரும்பாலும் கழற்ற விடமாட்டார்கள். தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா. சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமானால் உடையின் முதுகு ஜிப்பைத் திறக்க இன்னொருவர் வேண்டும். அதனால் பலர் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். உடம்புக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

நடிப்பு எங்கே வருகிறது என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று காட்டினார். முகம் அசையாதபோது தலையை மட்டும் ஆட்டினால் பொம்மை போலத் தெரியும், அதனால் நெஞ்சோடு சேர்த்துத் திரும்ப வேண்டும். சும்மா நின்றால் கேமராவில் பிணம். ஆகவே பின்னணியில் நிற்பவருக்கு எப்போதும் ஒரு வேலை இருக்க வேண்டும். யாரும் கொடுக்காவிட்டால் அவரே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார்: எதையோ எண்ணுவது, யாருக்கோ காத்திருப்பது. கால் வைப்பதும் வேறு மாதிரி. மனித நடையில் குதிகால் முதலில் விழும், அவர் முன்பாதத்தை முதலில் வைத்து நடந்தார். இது கரடி வேடம் கட்டிப் பழகியது என்றார். பத்து நாள் ஊர் ஊராக நடந்து, குழந்தைகளைப் பயமுறுத்தியும் சிரிக்கவைத்தும் கற்ற வித்தை. எந்த நடிப்புப் பள்ளியிலும் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் சினிமாவுக்கு வேற்றுக்கிரகம் புதிதல்ல. 1963இலேயே ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பறக்கும் கலத்தில் வந்து பானுமதியைத் தூக்கிப் போனார்கள், எம்.ஜி.ஆர். மீட்கப் போனார். அந்தக் கிரகத்தவர்கள் உடையில் மட்டுமே வேற்றவர்கள், முகம் நம் முகம்தான். முகத்தையே மாற்றும் கலை இங்கே வேறு வழியில் வந்தது. ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர்களில் 1987 முதல் எண்ணற்ற வேற்றுக்கிரக முகங்களை உருவாக்கிய மைக்கேல் வெஸ்ட்மோர்தான் 1996இல் கமல்ஹாசனை அவ்வை சண்முகியாகவும், 2008இல் தசாவதாரத்தின் பல உருவங்களாகவும் மாற்றியவர். நடிகரின் முகத்தில் அச்சு எடுத்து, அதன் மேல் களிமண்ணில் புது முகம் செதுக்கி, அதிலிருந்து வார்த்த துண்டுகளைத் தோலோடு ஒட்டும் முறை அது. முகம் அசைந்தால் ஒட்டியதும் அசையும். அதற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும், செலவும் மிக அதிகம். ஆகவே அது முன்னால் நிற்பவருக்கு. பின்னால் நிற்பவருக்கு ஒரே அச்சில் பல வார்த்து எடுத்து மாட்டிவிடும் முகமூடி. உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் மதுக்கடைக் காட்சியிலும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், அங்கே வாத்தியம் வாசிக்கும் வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிக்குள் இருந்தவர்கள் அவற்றைச் செய்த ரிக் பேக்கரின் குழுவினரே. தான் செய்ததைத் தானே மாட்டிப் பார்த்தவருக்குத்தான் துளை எங்கே வேண்டும் என்று தெரியும்.

இதை உடன்குடியிலும் பார்த்தேன். தசராவுக்கு முந்தைய வாரங்களில் அந்த வட்டாரத்தில் கிரீடம், சடைமுடி, கூடுதல் கைகள் என்று வேடப் பொருள் செய்யும் வேலை மும்முரமாக நடக்கும். ஒரு கொட்டகையில் வயதானவர் ஒருவர் குரங்கு முகம் செய்துகொண்டிருந்தார். அச்சின் மேல் காகிதத்தைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, வெயிலில் காயவைத்து, உரித்து எடுத்த முகம். வர்ணம் பூசுமுன் அதைத் தன் முகத்தில் வைத்து மூச்சை இழுத்து விட்டார். பிறகு கத்தியால் மூக்கடியில் கொஞ்சம் செதுக்கினார், மறுபடி வைத்துப் பார்த்தார். “கட்டுதவன் நாளெல்லாம் ஆடணும்லா” என்றார். கடையில் தொங்கும்போது அழகாகத் தெரிவதைவிட அவருக்கு அது பெரிதாக இருந்தது.

குலசேகரன்பட்டினத்தில் காளி வேடம் கட்டுபவர் நாற்பது நாளுக்கு மேல் விரதம் இருப்பார். தனிக் குடிலில் தங்கி, தானே பொங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. பெரிய கிரீடம், முதுகில் கட்டிய கைகள், தொங்கும் நாக்கு, பட்டுச் சேலை. அந்தப் பாரத்தோடு வெயிலில் ஊர் ஊராக நடந்து காணிக்கை வாங்க வேண்டும். ஆனால் அவர் ஒருபோதும் தனியாக நடப்பதில்லை. கூடவே ஒருவர் வருகிறார். விசிறிவிடுகிறார், கிரீடம் சாய்ந்தால் பின்னாலிருந்து தாங்குகிறார், பல்லையும் நாக்கையும் விலக்கித் தண்ணீர் ஊற்றுகிறார், கூட்டத்தை விலக்குகிறார். வேடத்துக்குள் இருப்பது எந்த வீட்டுப் பிள்ளை என்று குழுவில் உள்ள எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே ‘அம்மா’ என்று கூப்பிட்டுக் காலில் விழுகிறார்கள். விஜயதசமி இரவில் கடற்கரையில் மகிஷாசுரன் சிங்கத் தலையும் எருமைத் தலையும் மாற்றி மாற்றி வந்து அம்மனிடம் வீழ்கிறான். சூரசம்ஹாரம் முடிந்து காப்புக் களைந்த பிறகும் அந்தக் காளியை ஊர் மறப்பதில்லை.

மணப்பாட்டுக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இளமையில் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர், எங்கள் பேச்சைக் கேட்டபடி இருந்தார். தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. சங்குகுளி அதற்குப் பின்னும் தொடர்ந்தது. “மூச்சப் புடிக்கிறது பெரிய காரியம் இல்ல. மேல கயிறு புடிக்கிறவன் நல்லவனா இருக்கணும்” என்றார் அவர். பழைய நாளில் அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலிக்காகவாவது இழுத்துவிடுவான் என்ற நம்பிக்கை. அலுவலக வழிமுறைகளில் பாதுகாப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டுக்குள் அடங்கும்.

முகமூடிக்குள் நிற்பவரும் கடலுக்கு அடியில் இருப்பவர்தான். அவர் சத்தம் வெளியே வராது, முகம் மாறுவது யாருக்கும் தெரியாது. மயக்கம் வந்தால் விழுந்த பிறகுதான் தெரியும். அவருக்குக் கயிறு பிடிக்க ஆள் உண்டா என்று நண்பரைக் கேட்டேன்.

“ஹீரோயினுக்குக் கொடை புடிக்க ஆளு உண்டு. எங்களுக்கு நாங்கதான். ரெண்டு ரெண்டு பேரா சேந்துக்கிடுவோம். அவன் சிப்ப நான் தொறப்பேன், என் மாஸ்க்க அவன் தூக்குவான்.”

அவர் வேற்றுக்கிரகவாசியாக நின்ற படப்பிடிப்பில் முகமூடிகளுக்கு எண் இருந்தது, ஆட்களை அந்த எண்ணால் கூப்பிட்டார்கள். பொதுவாக ஜூனியர் ஆர்ட்டிஸ்டின் முகம் நாயகனுக்குப் பக்கத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்த காட்சியில் அவரை நிறுத்த யோசிப்பார்கள். முகமூடியில் அந்தச் சிக்கல் இல்லை. காலையில் ஒரு கிரகத்தவர், மதியம் இன்னொருவர் என்று ஒரே ஆளை எத்தனை தரமும் நிறுத்தலாம். வேலை கூடும், கூலி அதே ஒரு நாள் பேட்டாதான். படம் வெளிவந்ததும் அவர் ஊருக்கு வந்து குடும்பத்தோடு திருச்செந்தூரில் பார்த்திருக்கிறார். “நாலு பேருக்கு ஒரே மூஞ்சி. அதுல எது நாமன்னு எனக்கே வெளங்கல அண்ணாச்சி.” வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

பெயர் கொடுத்த உதாரணங்கள் இல்லாமல் இல்லை. 2024 பொங்கலுக்கு வந்த ரவிக்குமாரின் ‘அயலான்’ படத்தில் அயலானின் உடலாக நடித்தவர் வெங்கட் செங்குட்டுவன், குரல் சித்தார்த். 2003இன் இந்திப் படமான ‘கோயி மில் கயா’வில் ஜாது என்ற வேற்றுக்கிரகவாசியின் உடைக்குள் இருந்தவர் இந்திரவதன் புரோகித். இருவர் பெயரும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் இவர்கள் முன்னால் நின்றவர்கள். பின்னால் நிற்பவர்களுக்கு இப்போது இன்னொரு கவலையும் வந்திருக்கிறது. ஒருவரின் உடலை ஒருமுறை ஸ்கேன் செய்துகொண்டு கணினியில் நூறு பேராகப் பெருக்கிவிடலாம். 2023இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: பின்னணி நடிகரை ஸ்கேன் செய்வதற்கு அவருடைய சம்மதம் வேண்டும், ஊதியம் வேண்டும். இங்கே அந்தப் பேச்சு இன்னும் ஏஜென்டின் காதுவரைகூடப் போகவில்லை என்றார் நண்பர். முகம் தெரிகிற நடிகரே பயப்படும்போது, முகமே இல்லாதவரிடம் யார் சம்மதம் கேட்கப் போகிறார்கள்?

கம்ப்யூட்டர் வந்த பிறகு முகமூடிக்காரருக்கு வேலை இருக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எதிரே ஓர் உடல் நின்றால்தான் நாயகனின் கண் சரியான இடத்தில் நிற்கும், தோளின் மேல் வைத்த கை உண்மையாக அழுந்தும். பிறகு அதன் மேல் கணினி எதை வரைந்தாலும், அடியில் ஒரு மனிதர் எடுத்து வைத்த எட்டு இருக்கும். ஏவுதளமும் இங்கேயே வருகிறது. விண்வெளிக் கதை எடுப்பவர்கள் இனி இந்தக் கரைக்கு அடிக்கடி வருவார்கள் என்றே நினைக்கிறேன். வேடம் கட்டத் தெரிந்தவர்களைத் தேடி அவர்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

அப்படி வருகிற தயாரிப்பாளர்களிடமும் இயக்குநர்களிடமும் கேட்பதற்கு எனக்கு இரண்டு உண்டு. முகமூடிக்குள் நிற்கும் ஒவ்வொரு நாலு பேருக்கும் வேறு வேலை எதுவும் இல்லாத ஓர் உதவியாளரைக் கொடுங்கள். தண்ணீரும் விசிறியும் அவர் கையில் இருக்கட்டும், முகமூடியைக் கழற்றச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எண் ஒன்று, எண் இரண்டு என்று இருந்தவர்களின் பெயரைப் போடுங்கள். ஓரிரு வரி கூடும், செலவு எதுவும் இல்லை.