ஒன்பதாவது லாக்

நம் கவிதைக்கு ஓடுகிற நீரைத் தெரியும். தேங்கிய நீரையும் தெரியும். நிறுத்திவைத்து, அளவு பார்த்து விடப்படுகிற நீர் மட்டும் அதற்கு அந்நியம். மதகு என்ற சொல் வயலுக்குப் பாய்ச்சுவதோடு நின்றுவிடுகிறது. படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு இறக்கும் தொட்டியை 'லாக்' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி லாக் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. படகுகள் போய்விட்டன. பெயர் நின்றுவிட்டது.

பாரிஸில் ஸான் மர்த்தான் கால்வாயில் நாலரை கிலோமீட்டர் போக இரண்டரை மணி நேரம் ஆகிறது. நடந்தால் ஒரு மணி நேரம்தான். லா வில்லெத் நீர்த்தேக்கத்திலிருந்து ஸேன் நதிவரை 25 மீட்டர் இறக்கத்தை ஒன்பது லாக்குகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நகரத்துக்கு நீர் கொண்டுவர நெப்போலியன் 1802இல் உத்தரவிட்ட கால்வாய்த் திட்டத்தின் ஒரு கிளை இது. 1825இல் திறந்தபோது அவன் செத்து நாலு வருஷமாகியிருந்தது.

படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடுகிறது. இரண்டு சிறகுகள், மேல்நீரை நோக்கிக் கூம்பாகச் சேர்பவை. லியோனார்டோவின் ஏடுகளில் இந்தக் கதவின் படம் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு அடியில் திறப்புகளின் வழியாக நீர் வெளியேறுகிறது. படகு இறங்குவதே தெரிவதில்லை, சுவர்தான் ஏறுகிறது. முதலில் காய்ந்த கல், அப்புறம் ஈரக்கல், அப்புறம் பாசி. சற்றுமுன் கண்ணுக்கு நேரே இருந்தவர்களின் செருப்படி தலைக்கு மேலே போய்விடுகிறது. கரையில் கட்டிய கயிற்றைப் படகுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டேயிருந்தார். முடிச்சுப் போட்டு விட்டுவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும், படகு கயிற்றில் தொங்கும். ஏறக்குறைய மூன்று மீட்டர் இறங்கி, இரு பக்கமும் மட்டம் ஒன்றான பிறகே முன்கதவு அசைகிறது. இங்கு லாக்குகள் பெரும்பாலும் இரட்டை. அதனால் கதவு திறந்ததும் இன்னொரு தொட்டி. இரண்டாவது ஜோடிக்கு 'இறந்தவர்கள்' என்று பெயர்.

மூன்றாவது ஜோடிக்கு அருகில் ஓத்தெல் து நோர் இருக்கிறது. இந்த இடத்தைத்தான் நான் பார்க்க வந்தேன். மார்ஸெல் கார்னேயின் 1938 படத்தை ஃபிலிம் சொஸைட்டியில் பார்த்த ராத்திரி, நானும் ஒரு நண்பரும் பஸ் ஸ்டாண்டில் நின்று பண்ணிய சண்டை தீரவேயில்லை. படத்திலுள்ள கால்வாய், பாலம், ஓட்டல் எல்லாம் அலெக்ஸாந்தர் த்ரோனெ ஸ்டுடியோவில் கட்டியவை. அது பொய் என்றார் நண்பர். செட்டில்தான் கலைஞனின் கண் முழுசாகச் சுதந்திரம் பெறுகிறது என்றேன் நான். அப்போது அவர் கேட்டார்: "அந்தப் படத்தில் லாக் திறக்கிறவன் ஒருத்தன் வருகிறான். பெண்டாட்டி அவனை ஏமாற்றுவது ஞாபகமிருக்கிறது. அவன் லாக் திறந்தது உமக்கு ஞாபகமிருக்கிறதா?" எங்கள் பத்திரிகையில் இதை எழுதுங்கள் என்றேன். அவர் எழுதவில்லை. போன வருஷம் போய்விட்டார்.

செட்டைப் பற்றிய என் கருத்து மாறிவிடவில்லை. ஆர்லெத்தி நிற்கும் அந்தப் பாலம் எந்த நிஜப் பாலத்துக்கும் குறைந்ததல்ல. சொல்லப்போனால், படத்தில் வராத இந்த ஓட்டல் முகப்பை 1989இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்ததற்கே படம்தான் காரணம். ஆனால் நண்பர் கேட்டது செட்டைப் பற்றியே அல்ல. வேலைக்கு ஆகிற நேரத்தை எந்தக் கலை காட்டுகிறது என்றல்லவா கேட்டிருக்கிறார். தொட்டிக்குள் காத்திருந்தபோது இதை அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நிச்சயம் மறுத்திருப்பார். அவர் மறுப்பது எப்படியிருக்கும் என்றுகூட என்னால் ஊகிக்க முடியவில்லை. இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

நாலாவது ஜோடியைத் தாண்டியதும் கால்வாய் தரைக்கடியில் போகிறது. 1860ஐ ஒட்டி ஓஸ்மான் இதை ஆழப்படுத்தி மூடி, மேலே அகலச் சாலை போட்டான். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அகழிபோல் அரணாக இருந்த நீர், அதன்பின் பட்டாளம் போகும் வழியாயிற்று. சுமார் இரண்டு கிலோமீட்டர் இருட்டு. கூரையில் வட்ட ஓட்டைகள், அவற்றிலிருந்து தண்ணீரின்மேல் ஒளித் தூண்கள். பாஸ்தில் சதுக்கத்து ஸ்தம்பத்துக்கு அடியிலும் படகு போகிறது. 1830 ஜூலையில் தெருச்சண்டையில் செத்தவர்களை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் காமிராவை எடுத்தார்கள். படகுக்காரர் சுருட்டிய கயிற்றின்மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

வெளிச்சத்துக்கு வந்ததும் ஆர்ஸெனால் துறை. படகு அதோடு சரி. ஸேன் நதிக்குள் இறக்கிவிடும் ஒன்பதாவது லாக்கைக் கரையில் நடந்துபோய்ப் பார்த்தேன். மூடியிருந்தது.