பெயரிழந்த கோப்புகள்

சென்ற ஆண்டு ஆடிக் காற்றில் ஓரிரவு மின்சாரம் இருமுறை போய் வந்தது. மறுநாள் எங்கள் துறையின் சேமிப்புக் கருவி கோப்புகளைப் படிக்கத் தந்தது. எதையும் எழுத விடவில்லை. சிதைவைக் கண்டதும், மேலும் கெடாதிருக்கத் தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தது. பத்தாண்டுகளாக ஊர் ஊராகச் சென்று நாங்கள் பதிவுசெய்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அதில்தான் இருந்தன. பாடியவர்களுள் பலர் இன்றில்லை.

நான்கு வன்தட்டுகளை ரெய்டு 5 முறையில் இணைத்த அடுக்கு அது. ஒரு தட்டு பழுதானாலும் தரவு பிழைக்கும் என்று நம்பி வேறு நகல் எடுக்காதிருந்துவிட்டோம். ரெய்டு ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். கோப்புமுறையின் சிதைவிலிருந்து காக்காது.

எஃப்எஸ்சிகே என்னும் பழுதுநீக்கும் நிரலை உடனே ஓட்டத் துடித்தோம். கணினித் துறை நண்பர் தடுத்தார். "அது கேட்பதற்கெல்லாம் ஆம் என்பது, ஏட்டைப் படிக்காமலே பாடத்தைத் திருத்துவது போல" என்றார்.

முதலில் லினக்ஸின் பிழைப்பதிவுகளைப் படித்தோம். ஒரு தட்டு அடுக்கிலிருந்து விலகியிருந்தது. இன்னொன்றில் படிக்க முடியாத பகுதிகள் இருந்தன. டிடிரெஸ்க்யூ கொண்டு நான்கையும் புதிய தட்டுகளில் பிரதி எடுத்து, மூலங்களைப் பூட்டி வைத்தோம். விலகிய தட்டில் இருந்தது பழைய நிலை. ஆகவே மற்ற மூன்றின் பிரதிகளை மட்டும் இணைத்து, எதையும் மாற்றாமல் குறைகளைப் பட்டியலிடுமாறு நிரலைப் பணித்தோம். பட்டியலைப் படித்த பின்னரே திருத்த விட்டோம்.

கோப்புமுறை சீராகிவிட்டதென்று செய்தி வந்தது. ஆயினும் ஒரு கோப்பகம் காணவில்லை. அதிலிருந்த 41 பதிவுகள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்னும் கோப்பகத்தில் வெறும் எண்களாகக் கிடந்தன. கோப்பின் பெயர் கோப்போடு இருப்பதில்லை, கோப்பகத்தில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். கோப்பகம் சிதைந்தால் அளவும் நாளும் எஞ்சும், பெயர் எஞ்சாது. நிரல் ஒழுங்கை மீட்கும். இழந்ததை மீட்பது அதன் வேலையன்று.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விழப்பு புதிதன்று. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத புலவர்களைச் செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பாடலில் வரும் தொடராலேயே முன்னோர் வழங்கினர். நாங்களும் அவ்வழியே சென்றோம். ஒவ்வொரு பதிவையும் கேட்டு, களக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பெயரிட்டோம். ஐந்து குரல்கள் யாருடையவை என்று தெரியவில்லை. ஊகித்துப் பெயர் சூட்ட மனம் வரவில்லை. பாட்டின் முதற்சொல்லையே இட்டோம். மூன்று பதிவுகள் பாதியில் நின்றன.

மூலத்தைத் தொடாதே, பிரதியில் திருத்து என்று பதிப்பியல் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். ஆனால் பிரதியே எடுக்காமல் இருந்தவர்கள் நாங்கள். இப்போது மூன்று நகல்கள் உள்ளன, ஒன்று வேற்றூரில். சேகரிப்பு வைத்திருக்கும் நண்பர்கள் இன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

பாதியில் நின்ற தாலாட்டைப் பாடியவரின் பேத்தி அப்பதிவைக் கேட்டிருந்தார். இருந்தவரை அனுப்பிவைத்தோம்.