நிலவறைத் தலைவனின் காத்திருப்பு

1997-இல் புல்ஃபிராக் நிறுவனம் உருவாக்கிய ‘டன்ஜன் கீப்பர்’ கணினி விளையாட்டில் ஆடுபவரே நிலவறையின் தலைவர். அதைச் சூறையாட வரும் வீரர்களே பகைவர். பாறை குடையும் குட்டிப்பேய்கள் சுணங்கினால் ஓர் அறை விடலாம், வேலை விரையும். அந்தக் குறும்பே அவ்விளையாட்டின் உயிர்.

2014-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதைக் கைப்பேசிக்கு ‘இலவசமாக’க் கொண்டுவந்தது. சில பாறைகளைக் குடைய 4 மணி நேரம், சிலவற்றுக்கு 24 மணி நேரம். விரைவு வேண்டுவோர் காசுக்கு ரத்தினம் வாங்க வேண்டும். பழைய ரசிகர்கள் கொதித்தனர். கட்டணத்தைவிட அவர்களைச் சுட்டது, பேய்களை விரட்டிய கை கடிகாரத்தின் முன் கட்டுண்டதே. மூல விளையாட்டை வடிவமைத்த பீட்டர் மாலினியூவும் அக்காத்திருப்பை அபத்தம் என்றார். ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைத்து மதிப்பிட முனைந்தோரை ஆண்ட்ராய்டு செயலி கருத்துப் படிவத்துக்குத் திருப்பிவிட்டது வேறு கதை. அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், காத்திருப்பைச் சொல்லாத அந்த ‘இலவச’ விளம்பரம் திசைதிருப்புவது எனத் தீர்ப்பளித்தது.