பெரியம்மாவோடு பார்த்த காட்சியகம்

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்குப் போகிறேன் என்றதும், நாவற்குழியில் இறங்காமல் வந்துவிடாதே என்று ரொறன்ரோவில் பலரும் சொல்லி அனுப்பினார்கள். ஆறு. திருமுருகன் தலைமையிலான சிவபூமி அறக்கட்டளை 2020-இல் திறந்த அரும்பொருட் காட்சியகம் அங்கேதான் இருக்கிறது.

வெளியே தமிழ் மன்னர்களின் சிலைகள், பழைய வாகனங்கள். உள்ளே நாணயம், வாத்தியம், பித்தளைப் பாத்திரம், பனையோலைச் சாமான் எல்லாம் ஒரே கூரையின்கீழ். மன்னரைப் பார்த்த கண்ணோடு சுளகைப் பார்க்கவேண்டும். ஒழுங்கு பார்ப்பவர்களுக்கு இது சரிவராது. எனக்கு அந்தக் கலவைதான் பிடித்தது.

கூட வந்த பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். "உதைப் பாக்கவே தம்பி, இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தனீ? உது எங்கட குசினியில கிடந்த சாமானெல்லோ!" கிடந்ததுதான். 1995 ஒக்டோபரில் போரால் இடம்பெயர்ந்த வலிகாமத்துச் சனம் இந்த நாவற்குழி வழியாகத்தான் தென்மராட்சிக்குள் வந்தது. 2000-இல் நடந்த சண்டையில் சாவகச்சேரியே தரைமட்டமானது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் நீத்துப்பெட்டியையா தூக்குவார்கள்?

பெரியம்மாவை அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சுளகைக் கண்டதும் ஆடி முதல்நாளான ஆடிப்பிறப்புக்குத் தாவினார். பயறு வறுத்து, பச்சையரிசி இடித்து மா அரித்து, பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சும் கூழ். மாவில் சின்னச் சின்ன உருண்டைகள் பிடித்துப் போடவேண்டும். தேங்காய்ச் சொட்டு பல்லில் கடிபடவேண்டும். பலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, அதால் அள்ளிக் குடிப்போம். "கரண்டியால குடிச்சா அது கூழே?" என்று என்னையே கேட்டார். ரொறன்ரோவில் நாங்கள் கரண்டியால்தான் குடிக்கிறோம். நான் வாய் திறக்கவில்லை.

குடித்து முடிந்ததும் வேலியோரம் எறியும் பலாவிலையை எந்தக் காட்சியகம் வைத்திருக்கும்? காத்தவராயன் கூத்தும் அப்படித்தான். உடுக்கை அலுமாரியில் வைத்துவிடலாம். விடிய விடிய ஆடி, காத்தவராயனின் கழுவேற்றத்தில் கோயில் முற்றமே விம்முவதை எங்கே வைப்பது? அது பார்த்தவர்களின் வாயில்தான் இருக்கிறது. இந்தச் சாமான்களை ஆண்டு அனுபவித்த தலைமுறையோ இப்போது பெரியம்மாவின் வயதில் நிற்கிறது.

நாவற்குழிக்குப் போகிறவர்கள் தனியே போகாதீர்கள். வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரைக் கூட்டிப்போய், ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் அவரைப் பேசவிட்டுக் கைத்தொலைபேசியில் பதிந்துவையுங்கள். அவர் சொல்வது எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மாதம் என்பதையும் மறக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.