ஃபாக்ஸ்ப்ரோவும் நானும் முப்பத்தேழு பில்லும்

ஃபாக்ஸ்ப்ரோ என்ற பெயரைக் கேட்டால் நம் வகுப்பில் சிரிப்புதான் வரும். எனக்கும் வந்தது. 2024-இல் டிரெய்னிங்குக்காகப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு சின்னப் பட்டறைக்குப் போன முதல் நாளே அதைப் பார்த்தேன். லாரிகளுக்கு வேண்டிய சிறு பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை. பில், ஸ்டாக், பீஸ் ரேட் கூலி எல்லாமே விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய ஒரே ப்ரோக்ராமில் ஓடிக்கொண்டிருந்தது.

"மாத்திடலாம் சார், ஒரு மாசம் போதும்" என்று முதலாளியிடம் அளந்துவிட்டேன். அவருக்கும் அவசரம் இருந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அந்த அளவுக்கு மேல் போனவர்கள், மற்ற கம்பெனிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் அரசாங்க போர்ட்டலில் பதிந்து, எண்ணும் க்யூ.ஆர். குறியும் வாங்க வேண்டும். பழைய ப்ரோக்ராமுக்கு அது தெரியாது. ஃபாக்ஸ்ப்ரோவுக்கோ நாதியில்லை. மைக்ரோசாப்ட் 1992-இல் அதை வாங்கியது, 2004-இல் கடைசிப் பதிப்பை விட்டது, 2007-இல் இனி இல்லை என்றது, 2015-இல் ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. இதையெல்லாம் நான் ஒரு சார்ட்டில் எழுதிக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன!

கணக்கு பார்க்கும் அக்கா மட்டும் சார்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்கிரீன். 2023 டிசம்பர் புயலில் எஸ்டேட்டுக்குள் வெள்ளம் வந்து இரண்டு கம்ப்யூட்டரும் முழுகியபோது, அக்கா வீட்டிலிருந்து பென் டிரைவைக் கொண்டுவந்தாராம். ஒரு ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணியதும் பழையபடி பில் போட ஆரம்பித்துவிட்டார்கள். "உன் புதுசுல இப்படி வருமா தம்பி?" என்றார். பேக்கப், ரீஸ்டோர் என்று ஏதோ உளறினேன். அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கே அன்றைக்கு அரைகுறைதான்.

போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொண்டேன். காசு கிடையாது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பழைய டேபிளில் கூலி ஆட்களின் பெயர்கள் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் இருந்ததால், ரெடிமேட் கருவி ஒன்றும் சரிப்படவில்லை. டி.பி.எஃப். கோப்பைப் பைட் பைட்டாகப் படிக்க நானே எழுதினேன். மூன்று ராத்திரி. ஓடியது!

பிறகு மொத்தம் போட்டுப் பார்த்தால் ஒரு வாடிக்கையாளர் கணக்கில் 3 லட்சத்து 80 ஆயிரம் கூடுதல். தோண்டினால், பழைய ஸ்கிரீனில் எங்கேயுமே இல்லாத முப்பத்தேழு பில்கள் என் டேபிளில் உட்கார்ந்திருந்தன. முதலாளி பட்டியலைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வையே போதும், அக்காவின் முகம் இறுகிவிட்டது. டிபன் டப்பாவைத் திறக்காமலே சாயங்காலம் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அந்த ப்ரோக்ராமை எழுதியவரைத் தேடிப் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். ஓய்வு பெற்றுவிட்டார். பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டியலைக் காட்டியதும் சிரித்தார்.

"தம்பி, ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னாடி ஒரு பைட் இருக்கு. சாதாரணமா அது வெறும் ஸ்பேஸ். டெலீட் பண்ணினா அந்த இடத்துல ஒரு ஸ்டார் விழும், அவ்வளவுதான். பேக் கமாண்ட் கொடுக்கிற வரைக்கும் ஆள் உள்ளேயேதான் படுத்திருப்பாரு. பேக் ஓடுறப்ப கரண்ட் போச்சுன்னா டேபிளே கெட்டுடும்னு பயந்து நான் அதை வைக்கவே இல்லை. அந்த அம்மா கேன்சல் பண்ணின பில்லைத்தான் நீ எழுப்பிவிட்டிருக்க."

அந்த ஒரு பைட்டை நான் தாண்டிப் படித்திருந்தேன்.

திரும்பி வந்து ரத்தான பில் ஃபைலை எடுத்தோம். முப்பத்தேழும் இருந்தன. ஒவ்வொன்றிலும் குறுக்குக்கோடு, காரணம், முதலாளியின் கையெழுத்து! விலை தப்பு, எண்ணிக்கை தப்பு, வரி தப்பு. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டார். நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "படிச்ச புள்ள, கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றவர், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பூந்தமல்லி சார் இன்னொன்றும் சொன்னார். போர்ட்டல் கேட்கும் ஜேசன் கோப்பு வெறும் டெக்ஸ்ட்தானே, அதை ஃபாக்ஸ்ப்ரோவிலேயே எழுதிவிடலாமாம். பழசு என்பதால் முடியாது என்று நான் நினைத்ததெல்லாம் கதை. வயசு கணக்கு பார்த்தால் இன்னும் வேடிக்கை. போஸ்ட்கிரெஸின் வேலை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 1986-இல். ஃபாக்ஸ்ப்ரோ அந்தப் பெயரில் வந்ததே 1989-இல்தான்! நான் புதுசு என்று கொண்டுபோனது பழசைவிட மூத்தது.

முதலாளி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "சரி, நீ எழுதினது ஒரு நாள் நின்னுபோனா யாரைக் கூப்பிடுறது?"

"என்னைத்தான் சார்."

"உனக்கு ஓசூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டா?"

பதில் வரவில்லை. போஸ்ட்கிரெஸ் தெரிந்தவர் ஊருக்கு நூறு பேர் இருக்கலாம். அதன்மேல் நான் எழுதிய ப்ரோக்ராம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பூந்தமல்லி சாருக்கும் எனக்கும் அந்த விஷயத்தில் என்ன வித்தியாசம்? அவராவது இருபது வருஷத்துக்கு மேல் ஓடுகிற மாதிரி எழுதினார்.

கடைசியில் பில்லும் ஜி.எஸ்.டி.யும் டேலிக்குப் போயின. அதன் உள்ளே இருப்பதும் ஆரக்கிளோ எஸ்.க்யூ.எல். சர்வரோ இல்லை, அதற்கென்றே உள்ள சொந்தக் கோப்பு வடிவம்தான். நம் பாடப் புத்தகப்படி பார்த்தால் நான் அதைச் சிபாரிசு செய்திருக்கவே கூடாது. ஆனால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நின்று "டேலி தெரியுமா?" என்று கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பீஸ் ரேட் கூலிக் கணக்கு இன்னும் ஃபாக்ஸ்ப்ரோவில்தான் ஓடுகிறது. அந்தப் பட்டறையின் கூலி விதிகள் வேறு எந்த ரெடிமேட் பாக்கேஜிலும் அடங்கவில்லை. பழைய பில்கள் மட்டும் பார்ப்பதற்காக என் போஸ்ட்கிரெஸில் இருக்கின்றன, 'ரத்து' என்று தனியாக ஒரு காலத்தோடு.

இப்போது சனிக்கிழமைகளில் போய், அந்தக் கூலி ப்ரோக்ராமில் எந்த டேபிளில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. தப்பு கண்டுபிடிப்பது அக்கா. போன வாரம் மட்டும் ஆறு இடத்தில் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தார்.