கிணற்றிலிருந்து கடலுக்கு

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் இல்லை. காவிரி இருக்கிறது, ஆனால் ஒகேனக்கலில் பாறைகளுக்கிடையே சுழித்து இறங்கும் காவிரியில் நீந்த நினைப்பவன் உயிர்மேல் ஆசையற்றவன். தென்பெண்ணை பல மாதங்கள் மெலிந்தே ஓடும். ஆகவே எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமனோ சித்தப்பனோ மேலிருந்து தள்ளிவிட, தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கற்றுக்கொள்வது எங்கள் தலைமுறையின் வழக்கம். அப்படிக் கற்ற நாங்கள் மூவரும் நாற்பதைக் கடந்த பிறகு, 2024 அக்டோபரில், கோவாவின் மீராமார் கடற்கரையில் டிரையத்லான் பந்தயத்துக்காக நின்றோம். எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் விதைக்கடை வைத்திருப்பவர், இன்னொருவர் கூட்டுறவுச் சங்க எழுத்தர்.

இந்தப் போட்டியை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் என்ற மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து முடிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது வைத்த அளவு 1.5, 40, 10 கிலோமீட்டர். நெடுந்தொலைவுப் பந்தயங்கள் வேறு வகை. 'அயர்ன்மேன்' என்ற பெயரில் நடக்கும் முழுப் பந்தயம் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம். அதில் சரிபாதி கோவாவில் 2019 முதல் நடைபெறுகிறது. 1.9, 90, 21.1 என்ற அந்த மூன்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலுக்கு மட்டும் தனியாக 1 மணி 10 நிமிடக் கெடு உண்டு.

பயிற்சிக்கு எங்களுக்குக் கிடைத்தது எங்களில் ஒருவரின் பெரியப்பா கிணறு. சுவருக்குச் சுவர் 12 மீட்டர். 1.9 கிலோமீட்டரை எட்ட ஏறக்குறைய 160 முறை அதைக் குறுக்கே கடக்க வேண்டும். எண்ணிக்கை தவறிவிடும் என்பதற்காகப் படியில் புளியங்கொட்டைகளை வைத்து, பத்து முறைக்கு ஒரு கொட்டையாக நகர்த்தினோம். பெரியப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்து இதைப் பல நாள் பார்த்தார். ஒரு நாள் கேட்டார்: "ஏன்டா, செக்குமாடாட்டம் சுத்திச் சுத்தி வர்றீங்களே, எண்ணெய் எங்கடா?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் நியாயமும் இருந்தது. இம்மாவட்டத்தில் உடம்பு ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்த ஒன்று. வறண்ட மேட்டு நிலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைவித்தவர்களுக்கு, பெங்களூரின் கட்டடங்களுக்குச் செங்கல் சுமக்கப் போனவர்களுக்கு, குடத்தோடு மைல் கணக்கில் நடந்த பெண்களுக்கு, களைப்பு என்பது பணம் கட்டிப் பெற வேண்டிய அனுபவமாகத் தோன்ற வழியில்லை.

மிதிவண்டிக்கு நிலமே அளந்து வைத்ததுபோல் ஒரு பாதை அமைந்தது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பென்னாகரத்தைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. சாலை அருவியை நோக்கி வளைந்து இறங்குகிறது. போகும்போது காற்று முகத்தில் அடிக்க இறங்கியதை, வரும்போது ஒவ்வொரு வளைவாக மூச்சு வாங்க ஏறித் தீர்க்க வேண்டும். யானைகள் கடக்கும் பாதை என்பதால் விடிவதற்கு முன் காட்டுக்குள் நுழைவதில்லை என்று விதி செய்துகொண்டோம். பையில் கடலை உருண்டை, புட்டியில் உப்பிட்ட மோர். வீடு திரும்பியதும் களி. விலையுயர்ந்த பசைப் பொட்டலங்கள் செய்யும் வேலையை இவை குறைவின்றிச் செய்தன.

கோவாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிணற்றில் சுவர் உண்டு. கடலில் இல்லை என்பதே முதல் அதிர்ச்சி. பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு முறை கால் உதைத்துத் திரும்பிப் பழகிய உடம்பு, உதைக்க ஒன்றுமில்லாத வெளியில் சற்றுத் திகைத்தது. தலையைத் தூக்கி மிதவையைத் தேடினால் அலை மறைத்தது. மூவரும் கெடுவுக்குள் கரையேறினோம். மிதிவண்டியில் ஒகேனக்கல் ஏற்றம் கைகொடுத்தது. ஓட்டத்தில் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்து எங்களைப் பிழிந்தன. வெயில் எங்களுக்குப் பழக்கம், அந்தப் பிசுபிசுப்பு பழக்கமில்லை. எங்களில் கடைசியாக வந்தவர் 8 மணி 17 நிமிடத்தில் கோட்டைத் தொட்டார். முன்னால் முடித்த இருவரும் அவருக்காகக் காத்திருந்த நேரமே அன்றைய பந்தயத்தின் மிக நீண்ட பகுதி.

அதன் பிறகு நாங்கள் பதக்கத்தோடு சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மும்பையிலிருந்து வந்த ஒருவர் நட்போடு கேட்டார்: "நீங்கள் மூவரும் வெற்றிலை போடுவீர்களா?" எங்கள் பற்களைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். மூவருக்கும் பற்களில் பழுப்புக் கறை உண்டு. வெற்றிலை இல்லை; தண்ணீர். ஊரில் எல்லோருக்கும் இருப்பதால் நாங்கள் அதைக் கறையென்றே நினைத்ததில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எங்கள் ஊர்களின் பல ஆழ்துளைக் கிணறுகள் அதைத் தாண்டியவை. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைக் குடித்தால் கறை ஆயுளுக்கும் நிற்கும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் படியும். முதுகு விறைக்கும், முழங்கால் மடங்காது. எங்களில் ஒருவரின் தந்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. 'வயசாகிவிட்டது' என்று ஊரார் சொன்னபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

இதில் நாங்கள் நீந்திய கிணற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. திறந்த கிணறுகள் நிறைந்திருந்த காலத்தில் மக்கள் மேல்மட்ட நீரைக் குடித்தார்கள். மழை பொய்த்து, இறைப்பு மிகுந்து, கிணறுகள் வற்ற, துளைகள் ஆழம் போயின; பாறையோடு நெடுங்காலம் உறவாடிய ஆழத்து நீரில் பொதுவாக ஃபுளோரைடு மிகுதி. ஆக, குழந்தைகள் நீச்சல் மறந்ததும் பெரியவர்களின் முழங்கால் விறைத்ததும் ஒரே கதையின் இரு பக்கங்கள். ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டு, காவிரி நீர் குழாயில் மேடேறி ஊர்களுக்கு வரத் தொடங்கியது. ஒகேனக்கலிலிருந்து நாங்கள் மூச்சு வாங்க ஏறுகிற அதே மேட்டைத்தான் அந்த நீரும் ஏறி வருகிறது. இதை அறிந்த பிறகு அந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக எங்களுக்கு மனம் வருவதில்லை.

இப்போது நாங்கள் முழுப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறோம். 1978 பிப்ரவரியில் ஹவாயில் முதன்முதலாக அது நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இன்று பொதுவாக 17 மணி நேரம் தருகிறார்கள். மிதிவண்டிக் கணக்கு எளிது: ஒகேனக்கலுக்கு ஒரே நாளில் இரு முறை. கடினமானது நீச்சல். கிணற்றில் 3.8 கிலோமீட்டர் என்றால் 317 முறை குறுக்கே கடக்க வேண்டும். கோடையில் கிணறே இராது. ஆகவே எங்கள் பயிற்சி அட்டவணையை மழைதான் எழுதுகிறது.

நீச்சலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் எங்கள் பேச்சில் வந்துவிடுகிறார். 1971-இல் பாக் நீரிணையை இரு திசையிலும் ஒரே மூச்சில் கடந்தவர். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது இறந்தார். அவரைச் சாகசக்காரர் என்று ஒரு சொல்லில் அடக்க எங்களுக்கு ஒப்பவில்லை. எல்லையைத் தொட்டுப் பார்க்கிறவனுக்கு எல்லை எங்கே என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. இதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். மருத்துவரிடம் இதயமும் மூட்டும் சோதித்துக்கொண்டோம். மூவரில் ஒருவர் வேண்டாமென்றால் மூவரும் நிறுத்துவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பெரியப்பா கேட்ட எண்ணெயை இன்னும் எங்களால் காட்ட முடியவில்லை. ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. நாங்கள் சுற்றுவதைப் பார்க்க வந்த தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு இப்போது ஞாயிறுதோறும் அவரே சுரைக்குடுக்கை கட்டிவிடுகிறார். அவர்களின் பற்கள் வெள்ளை. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவர்கள்.