முதல் காற்றுத் துப்பாக்கி: இலக்கைத் தேர்ந்த பின் கருவியைத் தேர்க

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மறையூர், காந்தளூர் எனக் கேரள எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ‘ஏர்கன் ஒன்று வாங்க வேண்டும்’ என்ற பேச்சு ஆண்டுக்கு ஒருமுறையேனும் எழும். அதை வாங்க முனைவோருக்குக் கிடைக்கும் விவரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலுமே உள்ளன. சிறிய தொகையைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முறையாக ஒரு காற்று ரைஃபிளைத் தேர்ந்தெடுக்க எங்கள் குடும்பம் மூன்று மாதம் செலவிட்டது. அந்தத் தேடலில் தெளிவானவற்றை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

ரைஃபிள் என் அக்கா மகளுக்கு. அவள் ஊர் மறையூர். பட்டப்படிப்புக்காகக் கொழிஞ்சாம்பாறையில் என் அம்மாவுடன் தங்கியிருக்கிறாள். தேசிய மாணவர் படை முகாமில் .22 ரைஃபிளால் சில குண்டுகள் சுட்டது முதல், 10 மீட்டர் காற்று ரைஃபிள் போட்டியில் பங்கேற்க வேண்டும் என்ற விருப்பம் அவளை விடவில்லை. ஆய்வு உதவித்தொகையிலிருந்து நான் ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய். அக்காவின் கணவர் இன்னும் ஐயாயிரம் தர முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையுடன். “நல்ல பவர் உள்ளதா வாங்கு மாப்பிள்ளை. லீவுக்கு வர்றப்ப அவ கொண்டு வந்தா, தோட்டத்துல குரங்கையும் விரட்டிக்கலாம்.” அந்த ஐயாயிரத்தைப் பெறுவதா மறுப்பதா என்ற கேள்வியே எங்கள் தேர்வின் மையமாக அமைந்தது.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ அந்தக் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். இரண்டு வரம்புக்கும் உட்பட்டதற்கு உரிமம் தேவையில்லை. கடையில் சொல்லப்படும் ‘பாயின்ட் ஒன் செவன் செவன்’ என்பது இந்த 4.5 மில்லிமீட்டர்தான். ‘பாயின்ட் டூ டூ’ என்று ஒருவர் மலிவாகக் காட்டினால், உரிமமில்லாதவர் அங்கிருந்து நகர்ந்துவிடுவது நல்லது.

அடுத்தது பவர். நான் இயற்பியல் மாணவன் ஆதலால் இதை எண்ணிக்கையாகவே சொல்கிறேன். குண்டின் ஆற்றல், அதன் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. சாதாரணமான 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஒன்றின் எடை ஏறத்தாழ அரை கிராம். அது விநாடிக்கு 283 மீட்டர் வேகத்தில் சென்றால் 20 ஜூல் ஆகிவிடும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் ‘விநாடிக்கு 1000 அடி’ என்பது 305 மீட்டர். அரை கிராம் பெல்லட்டுக்கு அந்த வேகம் உண்மையானால் ஆற்றல் 23 ஜூலைத் தாண்டும். உரிமமின்றி வைத்திருக்க இயலாது. மிக இலேசான பெல்லட்டைக் கொண்டு அளந்திருந்தால் மட்டுமே அந்த எண் வரம்புக்குள் பொருந்தும். எனவே வேகத்தைச் சொல்பவரிடம், எந்த எடையுள்ள பெல்லட்டால் அளந்தது என்று கேட்க வேண்டும்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் காற்று ரைஃபிள் பிரிவில். அவருடைய இறுதிக் குண்டின் மதிப்பெண் 10.8. அவ்வகைப் போட்டி ரைஃபிள்கள் பெல்லட்டை விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் செலுத்துகின்றன. ஆற்றல் ஏழரை ஜூல் அளவு. நம் சட்டம் அனுமதிப்பதில் பாதிகூட இல்லை. லட்சங்கள் கொடுத்து வாங்கப்படும் ஒரு ஜெர்மானிய ரைஃபிளில் நாம் பெறுவது பலம் அன்று. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தைக்கும் ஒழுங்கு.

அந்த ஒழுங்கு எவ்வளவு நுண்மையானது என்பதை இலக்குத்தாள் காட்டும். தாளிலுள்ள வெளி வளையத்தின் விட்டம் 45.5 மில்லிமீட்டர். நடுவிலுள்ள பத்து என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 5 மில்லிமீட்டர் கூடுகிறது. 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் இரண்டரை மில்லிமீட்டர் வரை விலகலாம். பத்து மீட்டருக்கு அப்பால் இரண்டரை மில்லிமீட்டர்! இங்கே வேகம் என்ன செய்துவிடும்?

உதவாமல் இருப்பதோடு அது நிற்பதில்லை. மிகை பவர் தொடக்கநிலையாளருக்குத் தடையும் ஆகும். நம் பணத்துக்குக் கிடைப்பது சுருள்வில் ரைஃபிள். குழலை மடக்கும்போது உள்ளே வலுவான ஸ்பிரிங் அழுந்தும். டிரிக்கரை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னே தள்ள, பிஸ்டன் காற்றை அழுத்த, அழுந்திய காற்று பெல்லட்டை வெளியேற்றும். பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே பிஸ்டனின் ஓட்டத்தால் ரைஃபிள் முதலில் பின்னும் பிறகு முன்னும் உதைக்கும். ஸ்பிரிங் வலுக்க வலுக்க இந்த உதை கூடும். குழலை மடக்கவும் அதிக வலு வேண்டும். நாற்பது முறை மடக்கியபின் நடுங்கும் தோளால் இரண்டரை மில்லிமீட்டரைக் காக்க முடியாது. ஆகவே கடையில் நாங்கள் கேட்டது இருப்பதிலேயே இலகுவாக மடங்குவதைத்தான்.

முன்கூட்டியே காற்று நிரப்பும் பி.சி.பி. வகை இந்த உதை இல்லாதது, பழகுவதற்கு இனியது. ஆனால் அதற்கு உயரழுத்தப் பம்போ சிலிண்டரோ தனியே வேண்டும். எங்கள் தொகைக்கு அது எட்டவில்லை. கடன் வாங்கி எட்டவும் முயலவில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை நான்கு. ஒன்று, குழலை மூடியபின் மூட்டில் ஆட்டம் இருக்கலாகாது. ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வோர் இடத்துக்குப் போகும். இரண்டு, டிரிக்கர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபட வேண்டும். கனமாக இருப்பதைவிடக் கணிக்க முடியாமல் இருப்பதே பெரிய குறை. மூன்று, சுடப்போகிறவர் தாமே தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கட்டை நீளமானால் தலை இயல்பாகச் சாயாது. நான்கு, பின் சைட்டைத் திருகினால் சொடுக்குச் சொடுக்காக நகர்ந்து, வைத்த இடத்தில் நிற்க வேண்டும். பெல்லட் இல்லாமல் சுட்டுக் காட்டும்படி மட்டும் கேட்காதீர்கள். எதிர்ப்பே இன்றிப் பிஸ்டன் உலோகத்தில் மோதுவது சுருள்வில் ரைஃபிளைக் கெடுக்கும்.

‘ஸ்கோப் இலவசம்’ என்ற அறிவிப்பில் மயங்க வேண்டாம். முன்னும் பின்னுமான இரட்டை உதை மலிவான ஸ்கோப்பை விரைவில் குலைத்துவிடும். அவற்றில் பல, தொலைவுக்கென்றே அமைக்கப்பட்டவை. 10 மீட்டரில் இலக்கு மங்கித் தெரியும். திறந்த சைட்டில் பழகுவதே முதற்பாடம். பள்ளி, மாநில அளவுகளில் திறந்த சைட் ரைஃபிளுக்குத் தனிப் பிரிவும் உண்டு.

இனி எங்கள் கணக்கு. ரைஃபிள் 9,400. தட்டைத் தலையுள்ள பெல்லட் ஆறு பெட்டி 2,000. பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு 300. குண்டு தடுப்புப் பெட்டி செய்ய 700. பூட்டு வைத்த பை 800. மீதி 1,800 பயிற்சிக்கூடத்துக்குச் சென்றுவர. வாரம் 200 குண்டு என்றால், 500 அடங்கிய பெட்டி இரண்டரை வாரத்தில் தீரும். ஆறு பெட்டி பதினைந்து வாரம் வரும். முழுத் தொகையையும் ரைஃபிளிலேயே போட்டுவிட்டு, பெல்லட்டுக்குப் பணமின்றி அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் வீடுகளை அறிவேன். தட்டைத் தலைக்குக் காரணம், அது தாளில் வட்டமாகத் துளைக்கும், மதிப்பெண் எண்ணலாம். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடக்கூடாது என்பது என் அம்மா இட்ட விதி.

தடுப்புப் பெட்டியில் சிக்கனம் ஆகாது. மரப்பெட்டியின் பின்புறம் இரும்புத் தகடு. அதன் முன்னே இறுக அடைத்த பழந்துணி. அதன் முன்னே இலக்குத்தாள். பெட்டிக்குப் பின்னால் செங்கற்சுவர். தவறிய பெல்லட் ஒன்று நூறு மீட்டருக்கு அப்பாலும் ஒருவர் கண்ணைப் பறிக்கும் என்பதால், தென்னந்தோப்பின் திறந்தவெளியில் வைக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் ஒரு காரணம். ஆடி மாதத்தில் இலக்குத்தாளையும் சுடுபவரையும் சேர்த்தே அசைக்கும். வீட்டின் பக்கவாட்டு நடை சரியாகப் பத்து மீட்டர் தேறியது எங்கள் நற்பேறு.

இப்போது அந்த ஐயாயிரம். மச்சானைக் குறைகூற எனக்கு மனமில்லை. காந்தளூரில் அவர் பயிரிட்ட பீன்ஸும் ஆரஞ்சும் ஒரு காலைப்பொழுதில் குரங்குக் கூட்டத்துக்கு இரையாவதை நானே பார்த்திருக்கிறேன். ஆயினும் நாட்டுக் குரங்கு, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மயிலும் அதே அட்டவணைதான்; எங்கள் பக்கத்து நெல்வயல்களுக்கு ஏர்கன் தேடுவோர் இதை மனத்தில் கொள்க. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஏழு ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். காயப்படுத்துவதும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. இயற்பியலும் அதையே சொல்கிறது. இந்த ஆற்றலில் செல்லும் பெல்லட் ஒரு குரங்கை உடனே கொல்லாது. தசைக்குள் தங்கிச் சீழ்பிடித்துப் பல நாள் வதைக்கும். மற்றக் குரங்குகளோ மறுநாளும் வரும்.

பலர் எண்ணிப் பாராத இன்னொன்று வழி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூருக்கு நாங்கள் பொள்ளாச்சி, உடுமலை வழியாகவே போகிறோம். ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். சின்னாறு தாண்டினால் சின்னாறு வன உயிரினச் சரணாலயம். எழுத்துமூல முன்அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதை அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. விலங்கைக் காயப்படுத்தவோ கொல்லவோ வல்ல கருவிகளையெல்லாம் அச்சட்டம் ஆயுதம் என்கிறது. வலையும் கத்தியும்கூட அதில் அடங்கும். ஆக, வீட்டில் உரிமமே வேண்டாத அதே ரைஃபிள், பேருந்தில் ஏறிச் சின்னாற்றை அடையும்போது குற்றப்பொருள். பையைத் திறந்து காட்டும்படி கேட்கப்படும்போது அங்கே நிற்கப்போவது பத்தொன்பது வயதுப் பெண்.

மச்சானிடம் இதை இந்த வரிசையிலேயே சொன்னேன். குரங்கைப் பற்றிச் சொன்னபோது அவர் இசையவில்லை. “மூணு வருசம் ஜெயில்னு சொல்றவங்க, என் மூணு வருசத்து வெள்ளாமைக்கு என்ன சொல்றாங்க?” என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. இழப்பீட்டு விண்ணப்பத்தை எழுதித் தருவதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றேன். சோதனைச்சாவடியைச் சொன்னதும் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்ப அது அங்கயே இருக்கட்டும்” என்றார். அந்த ஐயாயிரத்தை நாங்கள் வாங்கவில்லை. தோட்டத்துக்கு வலை வாங்க அது அவரிடமே இருந்தது.

மறையூரைச் சொல்லும்போது சாலிம் அலி நினைவுக்கு வருகிறார். சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு மஞ்சள்தொண்டைச் சிட்டை வீழ்த்தி, அது என்ன பறவை என அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர். 1933இல் திருவிதாங்கூர்ப் பறவை ஆய்வுக்காக மறையூரிலும் தங்கியவர். அந்தக் கதையைச் சொல்லிச் சிறுவர் கையில் ஏர்கன் கொடுப்போரைக் கண்டிருக்கிறேன். அவரைப் பறவையியலுக்கு இட்டுச்சென்றது சுட்டபின் எழுந்த கேள்வி. இன்று அக்கேள்விக்கு விடைகாண இருகண் நோக்கி போதும். அதன் விலையும் பெரும்பாலும் ரைஃபிளைவிடக் குறைவு.

இறுதியாக ஒரு சொல். வாங்குமுன் அருகிலுள்ள மாவட்ட ரைஃபிள் சங்கத்தின் பயிற்சிக்கூடத்தில், அங்குள்ள ரைஃபிளால் ஒருநாளேனும் சுட்டுப் பாருங்கள். ஆர்வம் ஒரு வாரத்தில் வடிந்துவிடுவது உண்டு. வடியாவிட்டால் அங்கேயே யாரேனும் பழைய போட்டி ரைஃபிளை விற்கவும் கூடும். எங்கள் பெண் இப்போது முழங்கை ஊன்றிச் சுடும் ஐந்து குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் அடங்குகின்றன. நின்று சுடும்போது அடங்குவதில்லை. அதற்கு இன்னும் பல பெட்டி பெல்லட் ஆகும். பயிற்சி முடிந்ததும் ரைஃபிள் பைக்குள், பை அலமாரிக்குள், சாவி என் அம்மாவின் இடுப்பில்.